கடலோர மாரத்தானுக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று இதைப் படித்துவிட்டுப் போங்கள்

ஆறாயிரம் போச்சு. கால் வீக்கம் இன்னும் வடியவில்லை, அது தானாகச் சரியாகிவிடும். ஆறாயிரம் திரும்பி வராது என்று நேற்று ராத்திரி அவர்களே எழுத்தில் சொல்லிவிட்டார்கள். சொன்ன கையோடு அடுத்த வருடத்துக்கான முன்பதிவையும் திறந்துவிட்டார்கள், சலுகைக் கட்டணமாம். அதனால்தான் கோபம் ஆறும்வரை காத்திருக்காமல் எழுதுகிறேன். பணம் கட்டும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பெயர் போடப் போவதில்லை. வார இறுதி ஓட்டங்களை நடத்தும் சின்ன நிறுவனம். அலுவலகம் கிடையாது. ஒரு சமூக வலைத்தளப் பக்கம், ஒரு ஃபோன் நம்பர், அவ்வளவுதான்.

நான் பரிசுக்கு ஓடுகிறவன் இல்லை. வேலைக்குக் கிளம்பும் முன் ஓடிவிட்டு வருகிற சாதாரண ஆள். 42.195 கிலோமீட்டரை ஒரு தடவையாவது முழுசாக ஓடிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. கடலோரம் புகைப்படத்தில் குளுகுளுவென்று தெரியும், ஓடினால்தான் தெரியும் சேதி. காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை காயாது, வியர்வை காயாவிட்டால் உடம்புச் சூடு இறங்காது. நிழலும் இருக்காது. ஆகவே தண்ணீர் ஏற்பாடு பற்றிக் கேட்கத்தான் ஃபோன் செய்தேன்.

எடுத்தவர் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "கடைசியா ஹாஃப் மாரத்தான் எவ்வளவு நேரத்துல முடிச்சீங்க சார்?" என்றார். சொன்னேன். "அப்போ முதல் பாதியில கிலோமீட்டருக்குப் பத்து செகண்ட் மெதுவாவே போங்க. திரும்பும்போது காத்து முகத்துல அடிக்கும். தனியா மாட்டிக்காதீங்க, நாலு பேருக்குப் பின்னாடி ஒதுங்கி ஓடுங்க" என்றார். ஓடிப் பழகியவர்தான் இப்படிப் பேச முடியும். சொன்னதில் ஒன்றும் தப்பில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். இரண்டரை கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர் மேசை, உப்பும் சர்க்கரையும் கலந்த பானம், முறைப்படி அளந்து சான்று வாங்கிய பாதை, பிப்பில், அதாவது நெஞ்சில் குத்திக்கொள்ளும் நம்பர் அட்டையில், டைமிங் சிப், அது கடக்கும் நேரத்தைப் பதிய வழியெல்லாம் தரையில் மேட் என்று வரிசையாகச் சொன்னார். ஃபோனை வைத்ததும் ஆறாயிரத்தை அனுப்பினேன்.

பாதி தூரம் வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. இருபத்தைந்து தாண்டியதும் ஒரு மேசை வந்தது, அதன்மேல் கவிழ்த்து வைத்த காலி கேன். பின்னால் நின்ற பையனுக்குப் பதினெட்டு வயசுகூட இருக்காது. "வண்டி வரும்னு சொன்னாங்கண்ணா, வரல" என்றான், அழுதுவிடுவான் போலிருந்தது. எனக்கு முன்னால் போனவர் குனிந்து, யாரோ வீசிய கோப்பையில் ஒட்டியிருந்த மிச்சத்தை வாயில் ஊற்றிக்கொண்டார். அடுத்த மேசை வரவே இல்லை.

முப்பதுக்கு மேல் பாதை சாலையை விட்டு மணலில் இறங்கியது. இதைப் பற்றி முன்னால் ஒருவரும் மூச்சு விடவில்லை. கடல் ஏறும் நேரம் அது. ஓடத் தோதான கெட்டி ஈரமணல் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. எங்களுக்கு மிஞ்சியது கணுக்கால் புதையும் சரிவு. கடல் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று மாதக்கணக்கில் முன்பே அட்டவணை கிடைக்கிறது. அதைப் பார்க்கத் தெரியாதவர்கள் கடற்கரையில் ஓட்டம் நடத்துகிறார்கள்!

முடிவுக் கோட்டில் மேட்டைச் சுருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நோட்டில் பேனாவால் பிப் நம்பர் எழுதினார். மெடல் தீர்ந்துவிட்டதாம். என் வாட்ச் காட்டிய தூரம் 40.7.

அன்று சாயங்காலமே செய்தி அனுப்பினேன். வந்த பதில்: "உங்க வாட்ச் தப்பா காட்டுது சார்." சரி, பார்ப்போம். முறைப்படி அளப்பது என்றால், சக்கரச் சுற்றை எண்ணும் கருவி பொருத்திய சைக்கிளில், ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் அளப்பார்கள். குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 42 மீட்டர், கூடவே சேர்ப்பார்கள். நாம் வளைவுகளில் அந்தக் கோட்டைப் பிடித்து ஓடுவதில்லை. அதனால் சான்று பெற்ற பாதையில் வாட்ச் வழக்கமாகக் கூடுதலாகத்தான் காட்டும். இங்கே ஒன்றரை கிலோமீட்டர் குறைகிறது. ஜிபிஎஸ்ஸைக் குழப்ப உயரமான கட்டடம் ஒன்றுகூட இல்லை, தலைக்கு மேல் வெறும் வானம். இதையெல்லாம் எழுதி, சான்று எண்ணைக் கேட்டேன். "டீம் செக் பண்ணிச் சொல்லும்" என்றார்கள்.

டீம் சொல்லவில்லை, சான்றிதழ்தான் வந்தது. என் நேரத்தில் விநாடி இடத்தில் 00. எனக்குப் பின்னால் வந்த நண்பருக்கும் 00. முடிவுப் பட்டியலைத் திறந்தால் கடைசி இரண்டு பக்கம் முழுக்க 00. நோட்டைப் பார்த்து டைப் அடித்திருக்கிறார்கள்!

காலியான மேசையைப் பற்றிக் கேட்டால், "எதிர்பாராத கூட்டம்". பதிவுக் கட்டணம் வாங்கி, பிப் நம்பர் அச்சடித்துக் கொடுத்தவர்களுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாதாம். மெடல் கூரியரில் வருமாம், கூரியர் செலவு என்னுடையதாம். ஆறாயிரத்தைக் கேட்டால், "கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது" என்ற விதியின் படம். அந்த அறிவுரைக்காரரைப் பிடித்தேன். "நான் மார்க்கெட்டிங் மட்டும்தான் சார், ஓட்டத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை" என்றார். அதற்கப்புறம் என் நம்பரிலிருந்து அழைத்தால் மணி அடிப்பதே இல்லை.

சரி, பார்க்க வேண்டியவை. பாதைச் சான்று என்றால் எண்ணைக் கேளுங்கள், அளந்தவர் யார் என்றும் கேளுங்கள், மழுப்பினால் விலகிவிடுங்கள். போன வருட முடிவுப் பட்டியலில் விநாடிகளைப் பாருங்கள். மணல் எத்தனை கிலோமீட்டர் என்று எழுத்தில் வாங்குங்கள். நேரடியாகப் பணம் அனுப்பாதீர்கள், கார்டில் கட்டினால் வங்கியிடம் முறையிட வழி உண்டு. தண்ணீர் பெல்ட்டைக் கட்டிக்கொண்டே போங்கள். இன்னும் இருக்கிறது, இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. அதே ஓட்டத்தில் ஓடியவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்கள் வாட்ச் பதிவை அழித்துவிடாதீர்கள், எல்லோருமாகச் சேர்ந்து புகார் கொடுக்கலாம்.