சிங்கப்பூரில் இருக்கும் நம் ஆட்களுக்கு: வாட்ஸ்அப்பில் வரும் ஆப்பை இறக்காதீர்கள்

தீபாவளி நெருங்கினால் ஃபேஸ்புக்கில் தமிழ் விளம்பரங்கள் குவிந்துவிடும். வீட்டு முறுக்கு, அதிரசம், குழந்தைகளுக்குப் பட்டுப்பாவாடை, ஊருக்குக் குறைந்த கட்டணத்தில் பார்சல். பெரும்பாலானவை உண்மையான வியாபாரம்தான். என் பக்கத்து புளோக்கில் இருக்கும் அக்கா ஒருவரும் இப்படி ஆர்டர் எடுத்துத்தான் பலகாரம் செய்துகொடுக்கிறார். அவரைப் போன்றவர்களின் பிழைப்பில் மண் அள்ளிப் போட இதை எழுதவில்லை. அவர்களுக்கு நடுவில் புகுந்து வருகிற கூட்டத்தைப் பற்றி எழுதுகிறேன்.

2023 தீபாவளிக்கு முன்பு இப்படி ஒரு பலகார விளம்பரத்தை நம்பியதில் என் வங்கிக் கணக்கிலிருந்து 6,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போய்விட்டது. ஊரில் வீட்டுக்கு மாடி எடுக்கச் சேர்த்து வைத்திருந்த பணம். நெருங்கியவர்களுக்கு மட்டும் சொல்லியிருந்தேன். போன வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி, “மாதச் சாப்பாடு ரொம்ப மலிவா கொடுக்கிறாங்க, ஆப் இறக்கினா முதல் வாரம் பாதி விலையாம், யாராவது வாங்கியிருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டு அந்த ஆப்பின் கோப்பு ஒன்றையும் போட்டிருந்தார். பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. அதே வழிதான், பலகாரத்துக்குப் பதில் சாப்பாடு. அதனால் நடந்ததை முழுவதுமாக எழுதிவிடுகிறேன்.

விளம்பரத்தில் இருந்த பொத்தானைத் தட்டினால் நேராக வாட்ஸ்அப் திறந்தது. 65-இல் தொடங்கும் உள்ளூர் எண். பேசியவர் நல்ல தமிழ் பேசினார், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு மாதிரியே இருந்தது. என்னென்ன வேண்டும், எத்தனை கிலோ, எந்தத் தேதிக்கு என்று பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

“மொத்தம் 38 வெள்ளி அக்கா. இப்போ 5 வெள்ளி மட்டும் கட்டுங்க போதும், மிச்சத்தைப் பொருள் கைக்கு வந்ததும் கொடுங்க. ஆர்டர் எல்லாம் நம்ம ஆப்லதான் போடணும். அப்பதான் டெலிவரிக்காரருக்கு உங்க அட்ரஸ் போகும்.”

அடுத்து ஒரு கோப்பு வந்தது. பெயர் ஏபிகே (.apk) என்று முடியும் கோப்பு. பிளே ஸ்டோருக்குள் போகாமலே ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை ஏற்றுவதற்கான கோப்பு அதுதான். “என்ன போன் வச்சிருக்கீங்க அக்கா?” என்று முதலிலேயே கேட்டு வைத்திருந்தார். எதற்கு என்பது அப்புறம்தான் புரிந்தது. அந்த போனில் எந்தத் திரைக்குப் பின் எந்தத் திரை வரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

இனி வரும் பகுதியைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். பணம் போன வாசல் இதுதான்.

ஆப்பைத் திறந்ததும் ‘அணுகல்தன்மை’ அனுமதி கேட்டது. ஆங்கிலத்தில் வைத்திருப்பவர்களுக்கு ‘ஆக்ஸசிபிலிட்டி’ என்று வரும். பார்வை குறைந்தவர்களுக்குத் திரையில் உள்ளதைப் படித்துக் காட்டவும், கை அசைக்க முடியாதவர்களுக்காகப் பொத்தானை அழுத்திக் கொடுக்கவும் ஆண்ட்ராய்டில் வைத்திருக்கும் வசதி அது. உண்மையிலேயே நல்ல வசதி. ஆனால் அந்த அனுமதியை ஒரு ஆப்புக்குக் கொடுத்துவிட்டால், உங்கள் திரையில் தெரிவதையெல்லாம் அது படிக்கும். நீங்கள் தட்டுவதைப் பார்க்கும். உங்களுக்குப் பதிலாக அதுவே தட்டும். திரையைப் பார்க்கவும் கட்டுப்படுத்தவும் போகிறது என்று போன் எழுதியே காட்டுகிறது.

என் போனில் அந்தப் பொத்தான் முதலில் மங்கலாக இருந்தது, தட்டினாலும் வேலை செய்யவில்லை. ‘பாதுகாப்புக்காக இந்த அமைப்பு தற்போது கிடைக்காது’ என்கிற மாதிரி ஒரு அறிவிப்பு. 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13-இலிருந்து, பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஏற்றிய ஆப்களுக்கு இப்படி ஒரு தடுப்பு இருக்கிறது. அதையும் எப்படித் தாண்டுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார்.

“எல்லாருக்கும் இப்படித்தான் வரும் அக்கா, பயப்படாதீங்க. செட்டிங்ஸ் போங்க. ஆப்ஸ்ல நம்ம ஆப் பேரைத் தட்டுங்க. மேல வலது ஓரத்துல மூணு புள்ளி தெரியுதா? அதைத் தட்டி, கட்டுப்படுத்தப்பட்ட அமைப்பை அனுமதின்னு வருதுல்ல, அதைக் கொடுங்க.”

அந்த மூன்று புள்ளியை யாராவது உங்களைத் தட்டச் சொன்னால், அழைப்பை அங்கேயே துண்டித்துவிடுங்கள். பலகாரம் விற்கிற ஒருவருக்கு அதில் எந்த வேலையும் இல்லை.

அடுத்து 5 வெள்ளி கட்டும் பக்கம் வந்தது. சிங்கப்பூர் வங்கிகளின் சின்னங்கள் வரிசையாக இருந்தன. என் வங்கியைத் தட்டினால் அதன் பக்கம் போலவே திறந்து, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. போட்டதும் ‘சர்வர் பிஸி’ என்றது. “பரவாயில்லை அக்கா, டெலிவரி அப்போ சேர்த்தே கொடுத்திடுங்க” என்றார். 5 வெள்ளிகூட வாங்கவில்லையே, இவரை எப்படிச் சந்தேகப்படுவது? அந்தப் பேச்சுக்கு அதுதான் வேலை. அவருக்கு வேண்டிய பெயரும் கடவுச்சொல்லும் அதற்குள் கிடைத்துவிட்டன.

இரவு சார்ஜில் போட்ட போன் காலையில் எடுத்தபோது, புதுப் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல ‘மொழியைத் தேர்ந்தெடுங்கள்’ என்று நின்றது. தொடர்பு எண்கள் இல்லை, படங்கள் இல்லை, வங்கி ஆப் இல்லை. நான் தூங்கிக்கொண்டிருந்தபோது என் போனுக்குள் இருந்தபடியே வங்கி ஆப்பைத் திறந்து, அனுப்பும் தொகையின் வரம்பை உயர்த்தி, துண்டு துண்டாக அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் கேட்ட டிஜிட்டல் டோக்கன், அதாவது வங்கி ஆப்புக்குள் இருக்கும் ஒப்புதல் சாவி, அதே போனில்தான் இருந்தது. ஓடிபி வந்ததும் அதே போனுக்குத்தான். எல்லாம் முடிந்ததும் போனை முழுவதுமாக அழித்துவிட்டார்கள். அப்படிச் செய்தால் வங்கியின் எச்சரிக்கைச் செய்தி கண்ணில் படாது, திருட்டு ஆப்பின் தடயமும் போய்விடும். இந்த வகையில் 2023-இல் மட்டும் 1,899 பேர் புகார் கொடுத்திருக்கிறார்கள், 34.1 மில்லியன் வெள்ளி போயிருக்கிறது என்று சிங்கப்பூர்க் காவல்துறையின் ஆண்டு அறிக்கையில் பிறகு பார்த்தேன்.

வங்கி நடத்திய விதத்தையும் சொல்லியாக வேண்டும். பக்கத்து வீட்டு அம்மாவின் போனை வாங்கிக் கூப்பிட்டேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று இயந்திரம் சுற்றிவிட்டதில் ஆள் குரல் கேட்பதற்குள் அழுகை வந்துவிட்டது. கணக்கை முடக்கினார்கள், சரி. சில வாரம் கழித்துப் பதில் வந்தது: பரிவர்த்தனைகள் உங்கள் பதிவுசெய்த கருவியிலிருந்தே ஒப்புதல் பெற்று நடந்தவை, வங்கி பொறுப்பேற்க இயலாது. மாதாமாதம் ஊருக்கு ஒரே தொகை அனுப்புகிற கணக்கு. நடு இரவில் வரம்பு உயர்ந்து, முன்பின் தெரியாத கணக்குகளுக்கு இருப்பு முழுவதும் போகிறது. ஒரு நிமிடம் நிறுத்தி வைத்து ஒரு போன் செய்யக் கூடாதா? இந்தக் கேள்விக்கு அவர்களிடமிருந்து இன்றுவரை நேரான பதில் இல்லை. ஒரு கணக்கில் காவல்துறை முடக்கிப் பிடித்த சிறு தொகை மட்டும் பின்னால் திரும்பி வந்தது.

இப்போது சட்டம் மாறிவிட்டது, பணம் கிடைத்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். 2024 டிசம்பர் 16 முதல் வங்கியும் தொலைத்தொடர்பு நிறுவனமும் தங்கள் கடமையில் தவறினால் இழப்பை ஏற்க வேண்டும் என்ற ஏற்பாடு நடப்பில் இருப்பது உண்மைதான். ஆனால் அது போலி இணையதளம், போலிக் குறுஞ்செய்தி வழி நடக்கும் மோசடிக்குத்தான். திருட்டு ஆப் ஏற்றி நடந்த மோசடி அதில் சேராது. ஆகவே எனக்கு வந்த பதிலே இன்று உங்களுக்கும் வரலாம்.

காவல்துறையில் இணையம் வழிப் புகார் கொடுக்க சிங்பாஸ் (அரசு சேவைகளுக்கான இணைய அடையாளம்) மூலம் நுழையலாம் என்றால், அதுவும் அதே போனில்தான். நேரில் போய்த்தான் கொடுத்தேன். அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் இன்னொரு பயம் வந்தது: இரண்டாவது சிம் இந்திய எண். நம்மில் பலரும் ஊர் வங்கியின் ஓடிபிக்காக அந்த சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருக்கிறோம். போனுக்குள் புகுந்தவர்களுக்கு இரண்டு சிம்மும் ஒன்றுதான். ஊர் வங்கியையும் உடனே கூப்பிட்டு இணைய வங்கிச் சேவையை நிறுத்தினேன், அந்தக் கணக்கு தப்பியது. இந்தியாவில் இணையப் பண மோசடிக்குப் புகார் எண் 1930. ஊரில் இருப்பவர்களிடமும் சொல்லி வையுங்கள், அவர்களுக்கும் இப்போது ஏபிகே கோப்புகள்தான் வருகின்றன.

இனி உங்கள் போனில் இன்றைக்கே செய்ய வேண்டியவை. எனக்கு அன்று இவை தெரியாது, சில அப்போது வரவும் இல்லை.

செட்டிங்ஸில் ‘தெரியாத ஆப்களை நிறுவுதல்’ என்று தேடுங்கள். வாட்ஸ்அப், குரோம், டெலிகிராம், கோப்பு மேலாளர் எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். எல்லாவற்றுக்கும் அனுமதியை அணையுங்கள். அப்படியே அணுகல்தன்மைக்குள் போய், எந்தெந்த ஆப்புக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். நீங்கள் அறியாத பெயர் இருந்தால் நீக்குங்கள். ஆப்களைச் சோதிக்கும் கூகுளின் பாதுகாப்பு வசதியான பிளே புரொடெக்ட் இயங்குகிறதா என்பதையும் பாருங்கள். 2024 பிப்ரவரியில் கூகுள் ஒரு புதுத் தடுப்பை உலகத்திலேயே முதலில் சிங்கப்பூரில்தான் தொடங்கியது. பிரவுசர் வழியாகவோ வாட்ஸ்அப் வழியாகவோ வரும் ஆப், குறுஞ்செய்தி படிக்கும் அனுமதியையோ அணுகல்தன்மையையோ கேட்பதாக இருந்தால், ஏற்றும்போதே மறித்துவிடும். அதனால் ‘பிளே புரொடெக்டைக் கொஞ்ச நேரம் அணைத்து வையுங்கள்’ என்று யாராவது சொன்னால், அவர் யார் என்று தெரிந்துவிட்டது.

இதைவிடப் பெரியது வங்கியின் பணப்பூட்டு. 2023 நவம்பர் கடைசியில்தான் இங்குள்ள மூன்று பெரிய உள்ளூர் வங்கிகளும் கொண்டுவந்தன. எனக்குச் சில வாரம் பிந்திவிட்டது. கணக்கில் உள்ள பணத்தில் இவ்வளவு என்று பூட்டி வைத்துவிட்டால், இணையம் வழியாக யாராலும் அதைத் தொட முடியாது. திறக்க நாமே நேரில் போக வேண்டும். ஊருக்கு அனுப்ப, வாடகைக்கு, சாப்பாட்டுக்கு என்று தேவையானதை வெளியே விட்டு மிச்சத்தைப் பூட்டுங்கள். தினசரி அனுப்பும் வரம்பையும் நீங்கள் வழக்கமாக அனுப்பும் தொகைக்குக் குறையுங்கள். எச்சரிக்கைச் செய்தி எவ்வளவு சிறிய தொகைக்கு வர முடியுமோ அவ்வளவுக்கு வையுங்கள், மின்னஞ்சலுக்கும் வருமாறு வையுங்கள்.

போன் அழைப்பில், வெளிநாட்டிலிருந்து வருவதற்கு முன்னால் கூட்டல் குறி இருக்கும். ‘போலீஸ்’, ‘மனிதவள அமைச்சு’, ‘வங்கி’ என்று சொல்லிக்கொண்டு அந்தக் குறியோடு வந்தால் எடுக்க வேண்டாம். வெளிநாட்டு அழைப்பையே மொத்தமாகத் தடுக்கும் வசதியைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கொடுக்கின்றன. ஊரிலிருந்து அம்மா வாட்ஸ்அப்பில்தானே கூப்பிடுகிறார், தயங்காமல் தடுத்துவிடலாம்.

நமக்கு இங்கே உண்மையில் வேண்டிய ஆப்கள் கொஞ்சம்தான். சிங்பாஸ், ஒர்க் பர்மிட் நிலை பார்க்கும் எஸ்ஜி ஒர்க்பாஸ், வங்கி ஆப், ஊருக்குப் பணம் அனுப்ப ஒன்று. பணம் அனுப்ப 2023 பிப்ரவரியிலிருந்தே சிங்கப்பூரின் உடனடிப் பணப் பரிமாற்றச் சேவையான பே நவ்வும் இந்தியாவின் யுபிஐயும் இணைந்திருக்கின்றன. இதற்காக யாரோ அனுப்பும் புது ஆப் தேவையில்லை. இவை எல்லாமே பிளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ இருக்கின்றன. ஒன்றுகூடக் கோப்பாக வாட்ஸ்அப்பில் வராது. விடுதியில் கூட இருக்கும் தம்பிகளுக்கு, குறிப்பாக வந்து சில மாதமே ஆனவர்களுக்கு, இதை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள். அவர்களின் போனை வாங்கி நீங்களே அந்த அனுமதிகளை அணைத்துக் கொடுத்தாலும் நல்லது.

ஏற்கெனவே ஏற்றிவிட்டீர்கள் என்றால், யாரிடமும் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்காதீர்கள். முதலில் விமானப் பயன்முறையைப் போட்டு வைஃபையையும் அணையுங்கள், அப்போது அவர்களின் பிடி விட்டுப்போகும். இன்னொருவர் போனில் வங்கியின் அவசர எண்ணைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்குங்கள். அந்த எண் உங்கள் கார்டின் பின்பக்கம் இருக்கும், அல்லது ஒரு காகிதத்தில் எழுதி பர்ஸில் வையுங்கள். அடுத்து போலீஸ் புகார், ஊர் வங்கி. ஏற்றலாமா வேண்டாமா என்ற சந்தேகத்திலேயே இருக்கிறீர்கள் என்றால் 1799, ஸ்கேம்ஷீல்டு உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். அந்தத் தம்பியிடமும் அதைத்தான் சொன்னேன், கோப்பைத் திறக்காமலே அழித்துவிட்டதாக எழுதியிருக்கிறார்.