லூசியானா பையூவில் படகுப் பயணம்: சின்னப் படகாகப் பார்த்து ஏறுங்கள்

ஹூஸ்டன், டாலஸ் பக்கத்திலிருந்து லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸ் போகிற நம்மவர்கள் பலரும் ‘ஸ்வாம்ப் டூர்’ ஒன்றை, அதாவது பையூ எனப்படும் மெதுவாக ஓடும் சதுப்பு நில நீரோடைகளில் படகுச் சவாரியை, திட்டத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். நல்லதுதான். ஆனால் எந்தப் படகில் ஏறுகிறோம் என்பதைப் பொறுத்து, பார்க்கிற ஊரே மாறிவிடுகிறது. நான் இரண்டு விதமாகவும் போயிருப்பதால் நேராகவே சொல்லிவிடுகிறேன்: நகரத்துக்குப் பக்கத்தில் கிடைக்கும் பெரிய ஏர்போட் சவாரிக்குப் பணம் கொடுக்க வேண்டாம். இன்னும் ஒரு மணி நேரம் தென்மேற்கே ஓட்டி ஹோமா, திபடோ என்ற ஊர்கள் பக்கம் போய்விடுங்கள்.

ஏர்போட்டில் பின்னால் ராட்சத விசிறி ஓடுகிறது. காதுக்கு ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். சத்தம் கேட்டு அரை கிலோமீட்டருக்கு முன்னாலேயே பறவைகள் எழுந்து போய்விடும். அப்புறம் ஓரிடத்தில் நிறுத்தி, மார்ஷ்மெல்லோவைத் தண்ணீரில் எறிந்து அலிகேட்டர்களை வரவழைத்தார்கள். குழந்தைகளுக்குக் குஷிதான், மறுக்கவில்லை. ஆனால் மனிதனைப் பார்த்தால் தீனி வரும் என்று பழகிப்போன முதலை நாளைக்கு யாரோ ஒருவரின் வீட்டுப் பின்புறம் வந்து நிற்கும், கடைசியில் அதைத்தான் கொல்வார்கள். 1967இல் அழியும் நிலையில் உள்ள விலங்கு என்று பட்டியலில் சேர்த்து, இருபது வருடம் பாடுபட்டு 1987இல் அந்த நிலையிலிருந்து மீட்ட விலங்கு அது. இன்றைக்கு லூசியானாவில் மட்டும் ஏறக்குறைய இருபது லட்சம் இருக்கின்றன. அதைப் பற்றி அந்தப் படகில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தூண்கள் மேல் நிற்கும் வீடுகளைக் கடந்து போனோம், அங்கே யார் இருக்கிறார்கள் என்றும் சொல்லவில்லை.

ஹோமா பக்கம் நான் போனது ஏழெட்டுப் பேர் உட்காரும் அலுமினியப் படகு. கட்டணம் ஏறக்குறைய அதேதான். ஓட்டியவர் ஹோமா பழங்குடியைச் சேர்ந்த பெரியவர், இறால் பிடித்து வளர்ந்த குடும்பம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எஞ்சினை அணைத்துவிடுவார். அணைத்த பிறகுதான் பையூ காதில் விழுகிறது: தவளைகள், மரங்கொத்தி, எங்கோ மீன் துள்ளும் சத்தம். சைப்ரஸ் மரங்களில் தொங்கும் ஸ்பானிஷ் மாஸ் பார்க்கத்தான் பாசி மாதிரி, உண்மையில் அன்னாசிக் குடும்பத்துச் செடி. ஒரு காலத்தில் அதைப் பதப்படுத்தி மெத்தைக்கும் கார் இருக்கைக்கும் அடைத்தார்களாம். இளஞ்சிவப்புக் கரண்டிவாயன் கூட்டம் ஒன்று சேற்றில் மேய்ந்துகொண்டிருந்தது, படகு நின்றதால் அது பறக்கவில்லை. வாய்க்காலை அடைத்துக்கொண்டு ஆகாயத்தாமரை, நம்ம ஊர் ஏரி குளங்களை மூடுகிற அதே தென்னமெரிக்கச் செடி. 1884இல் நியூ ஆர்லியன்ஸில் நடந்த கண்காட்சிக்குப் பிறகு இங்கே பரவியதாகச் சொல்கிறார்கள்.

பட்டுப்போன சைப்ரஸ் மரங்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் அவர் ரொம்ப நேரம் நிறுத்தினார். எண்ணெய்க் கிணறுகளுக்காகச் சதுப்பு நிலத்தை நேர்கோடாக வெட்டிய கால்வாய்கள் வழியே கடல்நீர் உள்ளே ஏறியது. உப்பு ஏறியதும் மரமும் புல்லும் சாகின்றன. வேர் பிடிப்பு போனதும் மண் கரைகிறது. முன்பெல்லாம் மிசிசிப்பி வெள்ளம் வண்டல் கொண்டுவந்து ஈடுகட்டும். இப்போது கரைகட்டி ஆற்றைப் பூட்டிவிட்டார்கள், மிசிசிப்பியின் கிளையாக இருந்த லஃபூர்ஷ் பையூவையே 1904இல் டொனால்ட்சன்வில்லில் அணை போட்டு ஆற்றிலிருந்து துண்டித்தார்கள். 1930களிலிருந்து லூசியானா இழந்த கடலோர நிலம் கிட்டத்தட்ட 5,000 சதுர கிலோமீட்டர். ஹோமாவுக்குத் தெற்கே உள்ள ஐல் டி ஜீன் சார்ல்ஸ் என்ற தீவில் 1955க்குப் பிறகு 98 சதவீத நிலம் தண்ணீருக்குப் போய்விட்டது. அங்கிருந்த பழங்குடிக் குடும்பங்களை வடக்கே குடியமர்த்த 2016இல் மத்திய அரசு 4.8 கோடி டாலர் ஒதுக்கியது, 2022இல்தான் புது வீடுகளுக்குப் போக ஆரம்பித்தார்கள். இடையில் 2021இல் ஐடா புயல் வேறு. ஏர்போட்காரர்கள் காட்டாமல் விட்டதில் எனக்குப் பெரிய குறை இதுதான். ஊர் கரைந்துகொண்டிருக்கும்போது முதலையை மட்டும் காட்டி அனுப்பக் கூடாது.

நான் இந்தியாவிலிருந்து வந்தவன் என்றதும் அவர், “உங்கள் ஊர் இறாலைத்தான் இங்கே எல்லோரும் சாப்பிடுகிறார்கள்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் எனக்கு உறைத்தது. அமெரிக்காவுக்கு இறால் அனுப்பும் நாடுகளில் இந்தியா முன்வரிசையில் இருக்கிறது, பெரும்பாலும் ஆந்திரக் கரையின் பண்ணை இறால். அந்த விலையோடு போட்டி போட முடியாமல் படகை விற்றவர்கள் இந்தப் பகுதியில் நிறைய. லூசியானாவில் இறக்குமதி இறால் போடுகிற உணவகம் அதை மெனுவில் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தயவுசெய்து அதைப் படித்துப் பார்த்து ஆர்டர் செய்யுங்கள், அவ்வளவு தூரம் போய் உறைந்த பண்ணை இறாலைச் சாப்பிட வேண்டுமா என்ன?

இறால் என்றதும் இன்னொன்று. பாரட்டாரியா விரிகுடாவில் மணிலா வில்லேஜ் என்று ஓர் ஊர் இருந்தது, பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர்கள் தண்ணீருக்கு மேல் கால் நட்டுப் பலகை போட்டுக் கட்டியது. இறாலை உப்புத் தண்ணீரில் வேகவைத்து, அந்த மேடையில் காயவைத்து, வட்டமாகச் சுற்றி வந்து காலால் மிதித்து மேலோட்டை உதிர்ப்பார்கள். 1965இல் பெட்சி புயல் அதை அழித்துவிட்டது. காய்ந்த இறால் மட்டும் இன்னும் கடைகளில் பாக்கெட்டில் கிடைக்கிறது, நம் சென்னாக்கூனி வாசனைதான். அதைப் போட்டு, முட்டையும் உடைத்து விட்டுச் செய்கிற கம்போ (இந்த ஊர்க் கெட்டிக் குழம்பு) கிடைத்தால் விடாதீர்கள்.

படகுக்கு முன்னாலோ பின்னாலோ திபடோவில் லஃபூர்ஷ் பையூக் கரையிலேயே இருக்கும் ‘வெட்லேண்ட்ஸ் அகேடியன் கல்ச்சுரல் சென்டர்’ போய்விடுங்கள். தேசியப் பூங்காத் துறையின் இடம், அனுமதி இலவசம். கேஜன் மக்களின் கதை அங்கேதான் ஒழுங்காகப் புரிகிறது. 1755 முதல் பிரிட்டிஷார் இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பக்கத்திலிருந்து விரட்டிய பிரெஞ்சுக் குடியானவர்கள். அலைந்து திரிந்து ஒரு பகுதியினர் இங்கே வந்து சேர்ந்தார்கள், 1785இல் மட்டும் பிரான்ஸிலிருந்து ஏழு கப்பல்களில் சுமார் 1,600 பேர். அவர்கள் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளுக்கு 1921இல் பள்ளியில் ஆங்கிலம் மட்டும்தான் என்று சட்டம் வந்தது. பிரெஞ்சு பேசிய குழந்தைகளுக்குத் தண்டனை கிடைத்தது. ஹோமா பழங்குடிக் குழந்தைகளுக்கோ 1960கள் வரை வெள்ளையர் பள்ளியில் இடமே கிடையாது. மத்திய அரசு இன்றுவரை அவர்களைத் தனிப் பழங்குடியாக அங்கீகரிக்கவில்லை என்பது எனக்கு ஏற்கவே முடியாத விஷயம். இவ்வளவுக்கும் பிறகு அந்த பிரெஞ்சு மொழி முணுமுணுப்பாகவாவது உயிரோடு இருக்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள, அந்த மையத்தில் திங்கள் மாலை நடக்கும் கேஜன் இசைக்குப் போங்கள். யார் வேண்டுமானாலும் வாத்தியத்தோடு வந்து சேர்ந்துகொள்ளலாம். நேரம் மாறக்கூடும், முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொள்வது நல்லது.

படகு பதிவு செய்யும்போதும் நேராகப் போன் செய்து மூன்றே கேள்வி கேளுங்கள்: படகில் எத்தனை பேர், எஞ்சினை அணைப்பார்களா, முதலைக்குத் தீனி போடுவார்களா. பதிலிலேயே தெரிந்துவிடும். மார்ச் முதல் மே வரை நல்ல பருவம். கோடையில் வெயிலும் கொசுவும் தாங்காது, குளிர்காலத்தில் முதலைகள் வெளியே வருவது அபூர்வம், ஆனால் வாத்துகளுக்காகவே அப்போது வருபவர்கள் உண்டு. சிறு குழந்தைகளோடு போகிறவர்கள் காலைப் பயணமாக எடுங்கள், ஓட்டுகிறவருக்கு டிப்ஸ் கொடுக்க ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.