ஜெபமாலை செயலி: மூன்று மாதம் பயன்படுத்திய பிறகு

அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, ஜெபப் புத்தகத்தின் எழுத்து தெரியவில்லை என்பதால் ஒரு தமிழ் ஜெபமாலை செயலியை அவர் கைப்பேசியில் போட்டுக் கொடுத்தேன். மூன்று மாதமாக இரவு ஜெபம் அதில்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். குரல் தெளிவு, பின்னணி இசை இல்லை, நடுவில் விளம்பரம் வருவதில்லை. மாதாவைப் பல பெயர்களால் அழைத்து வேண்டுகிற மாதா மன்றாட்டுமாலையில் 2020 ஜூனில் திருத்தந்தை பிரான்சிஸ் சேர்த்த மூன்று மன்றாட்டுகளும் இருக்கின்றன. "புலம்பெயர்ந்தோரின் ஆறுதலே" என்று முதல்முறை கேட்டதும் அம்மா கண்ணை மூடிக்கொண்டு, தூர தேசத்தில் இருக்கிற என் தம்பி பெயரை மெல்லச் சொன்னார். புதிதாக வந்த வார்த்தைதான், ஆனாலும் அவருக்கு உடனே சொந்தமாகிவிட்டது.

சிக்கல் வியாழக்கிழமைதான். ஜெபமாலையில் நாளுக்கொரு வகையாகத் தியானிக்கிற இயேசு, மாதா வாழ்க்கை நிகழ்ச்சிகளைத்தான் தேவ இரகசியம் என்பார்கள், புதுத் தமிழில் மறைபொருள். வியாழன் என்றால் அம்மாவுக்கு இயேசு பிறப்பை ஒட்டிய சந்தோஷ தேவ இரகசியம், சிறு வயதிலிருந்தே அப்படித்தான். செயலியோ அன்றைக்கு இயேசுவின் பொதுப்பணியைத் தியானிக்கிற, பின்னாளில் வந்த ஒளியின் மறைபொருள்களை மட்டும்தான் திறக்கிறது, மாற்ற வழியே இல்லை. ஒளியின் மறைபொருள்கள் மேல் எனக்குக் குறையே கிடையாது, அவற்றில் ஒன்றான கானா ஊர்க் கல்யாணத்தைத் தியானிக்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் 2002 அக்டோபர் 16 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவற்றை முன்வைத்த மடலிலேயே, இது அவரவர் சுதந்திரத்துக்கு விடப்பட்டது என்றுதான் எழுதியிருக்கிறார். பழைய மூன்று வகைக்கும் ஐம்பது ஐம்பதாக, விவிலியத்தின் 150 சங்கீதங்களுக்கு ஈடாக 150 மங்கள வார்த்தை ஜெபம் (மாதாவை வாழ்த்தும் ஜெபம்) என்ற பழைய கணக்கை விட மனசில்லாதவர்கள் இன்றும் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் செய்வதில் தப்பொன்றும் இல்லை. திருத்தந்தையே கட்டாயப்படுத்தாததை ஒரு செயலி ஏன் கட்டாயப்படுத்த வேண்டும்?

இன்னொன்று, அதே மடல் மறைபொருளை அறிவித்ததும் விவிலியப் பகுதி ஒன்றை வாசிக்கவும், கொஞ்ச நேரம் மௌனமாக இருக்கவும் சொல்கிறது. இந்தச் செயலியில் இரண்டுமே இல்லை. "இயேசு சிலுவையில் அறையுண்டு மரித்தது" என்று முடிக்கிற அதே மூச்சில் அடுத்த ஜெபம் ஓட ஆரம்பிக்கிறது. அம்மாவின் கட்டைவிரல் இன்னும் பெரிய மணியில்தான் இருக்கும், அதை லேசாக உருட்டிக்கொண்டே சிலுவையடியில் நிற்கிற மாதாவை நினைப்பது அவர் வழக்கம், அதற்குள் குரல் மூன்றாவது மணிக்குப் போயிருக்கும். பாதியில் விட்டுவிட்டு அவசரமாக மணிகளைத் தள்ளுவார். பார்க்கவே எனக்கு வேதனையாக இருக்கும். புதுமையை எடுத்துக்கொண்டவர்கள் அந்த மௌனத்தையும் சேர்த்து எடுத்திருக்கலாம்.

மொழியும் முழுக்கப் புதுசு. "கபிரியேல் சம்மனசு" என்று சொல்லிப் பழகிய வாய்க்கு "வானதூதர்" கொஞ்சம் அந்நியம்தான். அப்புறம் பழகிவிட்டது, அதைப் பெரிய குறையாகச் சொல்ல மாட்டேன்.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். இளையவர்கள், புதிதாக ஜெபமாலை கற்றுக்கொள்கிறவர்கள் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். வீட்டுப் பெரியவர்களுக்கென்றால், மறைபொருளை நாமே தேர்ந்தெடுக்க ஒரு பொத்தானும், அறிவிப்புக்குப் பின் பத்து விநாடி அமைதியும் வரட்டும் என்பேன், இதைச் செயலிக்காரர்களுக்கும் எழுதியிருக்கிறேன். இப்போதைக்கு வியாழக்கிழமைகளில் அம்மா சொல்ல நான் பதில் சொல்கிறேன், மன்றாட்டுமாலைக்கு மட்டும் செயலியைத் திறக்கிறோம்.