எல்ஈடி இண்டிகேட்டர்: வெளியே பளிச், உள்ளே கப்சிப்

போன வாரம் பிளாஷர், அதாவது இண்டிகேட்டரை விட்டு விட்டு மின்ன வைக்கும் பெட்டி, செத்துப்போனது. பல்புகள் நன்றாகத்தான் இருக்கின்றன. பழைய காரின் நான்கு இண்டிகேட்டருக்கும் எல்ஈடி போட்டபோது கூடவே மாட்டிய எலக்ட்ரானிக் பிளாஷர்தான் போய்விட்டது. புதியது மாட்டியாகிவிட்டது. டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து மல்லாந்து கிடந்த நேரத்தில் இந்த மாற்றத்தைப் பற்றி மனதில் சேர்ந்திருந்த புகார் எல்லாம் ஒன்றாக மேலே வந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வண்டி 60களின் பிற்பகுதியில் வந்தது. 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் (பாட்டரியின் மைனஸ் முனை வண்டியின் உடலோடு இணைந்தது). பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற ஆல்டர்நேட்டர் கிடையாது, அதற்கு முந்தைய காலத்து டைனமோ. இண்டிகேட்டரில் பிஏ15எஸ் என்ற வகை ஹோல்டரில் உட்காரும் 21 வாட் பல்புகள். பாசிட்டிவ் எர்த் வண்டிக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: உள்ளே கம்பி சூடாகி எரிகிற பழைய இழை பல்புக்கு எந்தப் பக்கம் பிளஸ் என்ற கவலை இல்லை, எல்ஈடிக்கு உண்டு. உங்கள் வண்டிக்கென்றே செய்த பல்பைக் கேட்டு வாங்குங்கள்.

மாற்றியதற்குக் காரணமே அந்த டைனமோதான். இரவு, மழை, சிக்னலில் நிற்கிறோம். ஹெட்லைட் எரிகிறது, வைப்பர் ஓடுகிறது, காலடியில் பிரேக். ஐட்லிங்கில் டைனமோ தருவது ஒன்றுமில்லை, பாட்டரியைத்தான் தின்றுகொண்டிருப்போம். இண்டிகேட்டரைப் போட்டால் ஒரு பக்கத்துக்கு 42 வாட், அதாவது மூன்றரை ஆம்ப் கூடுதல். பழைய பிளாஷர் ஒரு பைமெட்டல் தகடு, அதாவது இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்தது. மின்சாரம் ஓடினால் சூடாகி வளையும், தொடர்பு விடுபடும், ஆறினால் மறுபடி ஒட்டும். வோல்ட்டேஜ் இறங்கினால் சூடாகவே நேரம் பிடிக்கும். விளக்கு யோசித்து யோசித்து மின்னும். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மின்ன வேண்டும் என்பது ஐரோப்பிய விதியிலும் அமெரிக்க விதியிலும் பொது. என் வண்டி அந்த 60ஐ எட்டுவதற்கே திணறும்.

எல்ஈடி வந்த பிறகு அந்தத் தொல்லை அடியோடு போனது. ஒரு பக்கத்துக்கு அரை ஆம்ப் கூட எடுப்பதில்லை. எஞ்சின் ஐட்லிங்கில் இருந்தாலும், வைப்பர் ஓடினாலும் ஒரே தாளம். இழை பல்பு முழு வெளிச்சத்துக்கு வர ஏறத்தாழ 0.2 விநாடி எடுக்கும், எல்ஈடிக்கு அந்தத் தயக்கமே இல்லை. பின்னால் நின்று பார்த்தால் உள்ளங்கையில் அடங்குகிற அந்தச் சின்ன விளக்கிலிருந்தா இவ்வளவு வெளிச்சம் என்று தோன்றும். வெயிலிலும் தெரிகிறது. இந்தப் பாராட்டில் ஒரு சொல்லைக் கூடத் திரும்பப் பெறமாட்டேன்.

ஆனால் எந்தப் பல்பு என்பது முக்கியம். ஆம்பர் கண்ணாடிக்கு ஆம்பர் எல்ஈடிதான். வெள்ளையைப் போட்டால் ஆரஞ்சுக்குப் பதிலாக வெளிறிய மஞ்சள் வரும், ஏனென்றால் வெள்ளை எல்ஈடியின் ஒளியில் நீலம் தூக்கலாகவும் சிவப்புப் பகுதி குறைவாகவும் இருக்கும். அப்புறம், பல்பின் மேல் ஒளி தரும் சில்லுகள் எந்தத் திசையைப் பார்க்கின்றன என்று பாருங்கள். என் பின்விளக்கில் பல்பு படுத்த வாக்கில் உட்காரும். நுனியில் மட்டும் சில்லு உள்ள பல்பு அங்கே விளக்குக் கூட்டின் பக்கச் சுவருக்குத்தான் வெளிச்சம் காட்டும். சுற்றிலும் சில்லு இருக்கிற வகையே சரி. அது ரிஃப்ளெக்டர் முழுவதையும் நிரப்புகிறது.

எல்ஈடி எடுக்கும் சொற்ப மின்சாரத்தில் பழைய பிளாஷர் சூடாகாது. ரெசிஸ்டர் (மின்தடை) வைத்துச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பழைய பிளாஷரை ஏமாற்ற 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டரைப் பல்புக்கு இணையாகப் போடுவது. 12 வோல்ட்டில் அது 2 ஆம்ப் இழுத்து 24 வாட்டையும் வெறும் சூடாக்கும். மிச்சப்படுத்திய மின்சாரத்தைக் கொண்டுபோய் அடுப்பில் போடுவதற்கு எதற்கு எல்ஈடி? அதுவும் ஐம்பது வருடப் பழைய வயருக்குப் பக்கத்தில்? வேண்டவே வேண்டாம். பல்பு எவ்வளவு மின்சாரம் எடுத்தாலும் ஒரே வேகத்தில் மின்னும் எலக்ட்ரானிக் பிளாஷர் கிடைக்கிறது. பழையதில் இரண்டு பின், இதற்கு எர்த்துக்கு மூன்றாவதாக ஒரு வயர் இழுக்க வேண்டும், அவ்வளவுதான்.

டேஷ்போர்டில் இடது வலது இரண்டுக்கும் சேர்த்து ஒரே பச்சை விளக்கு உள்ள வண்டியா? என்னுடையது அப்படித்தான். மாட்டி முடித்துச் சுவிட்சைத் தள்ளினால் நான்கு மூலையும் சேர்ந்து மின்னும். அந்தப் பச்சை விளக்கு இடது வயருக்கும் வலது வயருக்கும் நடுவே தொங்குகிறது. இடது பக்கம் மின்சாரம் வந்தால் அது பச்சை விளக்கு வழியாக வலது பக்கப் பல்புகளுக்குப் போய் எர்த் தேடிக்கொள்ளும். 21 வாட் இழைக்கு அந்தத் துளி மின்சாரம் உறைக்காது. எல்ஈடிக்கு அதுவே தாராளம். ஒவ்வொரு பக்க வயரிலிருந்தும் ஒரு 1என்4007 டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடுவது) வழியாகப் பச்சை விளக்குக்கு இணைப்பு கொடுத்து, அதன் மறுமுனையை எர்த் செய்தால் தீர்ந்தது. டயோடு 0.7 வோல்ட்டைத் தனக்கு எடுத்துக்கொள்வதால் பச்சை விளக்கு கொஞ்சம் மங்கும்.

இப்போது புகாருக்கு வருகிறேன். பழைய பைமெட்டல் பிளாஷர் ‘டிக்... டொக்’ என்று சத்தம் போடும். புதியதில் அசையும் பாகமே இல்லை, டிரான்சிஸ்டர்தான், ஆகவே சத்தமும் இல்லை. பச்சை விளக்கும் மங்கல். பகல் வெயில் டேஷ்போர்டில் விழுந்தால் அது எரிகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். இந்த வயது வண்டிகளில் ஸ்டீயரிங் திரும்பி வரும்போது இண்டிகேட்டரை அணைக்கிற கொக்கி தேய்ந்துதான் இருக்கும். லேன் மாறும்போதும் லேசான வளைவிலும் அது தானாக விழாது. சத்தம் கேட்டு நாமே கையால் அணைப்போம். இப்போது எது கேட்டு அணைப்பது?

விளைவு, திரும்பாத வண்டி வெகுதூரம் இண்டிகேட்டர் போட்டுக்கொண்டே ஓடுகிறது. பழைய விளக்காக இருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இது கண்ணைப் பறிக்கிறது. பக்கச் சாலையில் காத்திருப்பவர் நான் திரும்பப்போகிறேன் என்று நம்பி வண்டியை வெளியே விடுகிறார். அவர் மேல் என்ன தப்பு? பாதுகாப்புக்காகப் போட்ட விளக்கு, நான் சொல்லாததை எல்லாம் ஊருக்கே சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. எனக்கு மட்டும் சொல்வதில்லை.

இன்னொன்று. முன்பெல்லாம் ஒரு பல்பு போய்விட்டால் பைமெட்டல் தகடு போதிய சூடு கிடைக்காமல் தாளம் தப்பும், அல்லது மின்னாமல் நின்றுவிடும். இறங்கிப் பார்க்காமலே விஷயம் தெரியும். இந்தப் புதுப் பிளாஷருக்கு ஒரு பல்பு இருந்தாலும் ஒன்றுதான், இரண்டு இருந்தாலும் ஒன்றுதான். பின்னால் ஒன்று அணைந்து கிடந்தாலும் அது பாட்டுக்கு ஒழுங்காக மின்னும். கிளம்புமுன் ஒருமுறை வண்டியைச் சுற்றி வருவது பழக்கமாகிவிட்டது. சுற்றும்போது கவனித்த சின்ன விஷயம்: ரப்பர் பழசான விளக்குக்குள் கசிந்த ஈரத்தை 21 வாட் சூடு மெல்ல மெல்ல உலர்த்திவிடும். எல்ஈடிக்கு அந்தச் சூடு கிடையாது, கண்ணாடிக்குள் முத்து முத்தாக நீர் அப்படியே நிற்கிறது.

சட்டப்படியும் பாருங்கள். இழை பல்புக்கென்று அங்கீகாரம் பெற்ற விளக்கில் எல்ஈடி போடுவதைப் பல நாடுகள் ஏற்பதில்லை. கழற்றிய பல்புகளும் பிளாஷரும் என் டிக்கியில் ஒரு டப்பாவில் இருக்கின்றன.

இதே மாதிரி வண்டி வைத்திருக்கும் நண்பன் ஒருவன் நேற்று போனில், “மச்சான், வெளிச்சம் சூப்பர்னு நீயே சொல்ற, மாத்தவா வேண்டாமா?” என்றான். அவன் வண்டியில் ஆல்டர்நேட்டர் இருக்கிறது, வோல்ட்டேஜ் தொல்லை இல்லை. “மாத்தாதே, எர்த் பாயிண்டைச் சுரண்டிச் சுத்தம் பண்ணு, ரிஃப்ளெக்டருக்கு வெள்ளி பெயிண்ட் அடி, அது போதும்” என்றேன். அப்படியென்றால் நீ கழற்றிவிடுவாயா என்று கேட்டான். மாட்டேன். மழை இரவில் டைனமோவோடு சிக்னலில் நின்றவனுக்குத்தான் அது புரியும்.

புதிய பிளாஷரோடு ஒரு பஸ்ஸரையும் பச்சை விளக்குக்கு இணையாக வைத்துப் பார்த்தேன். கேட்கிறது, நன்றாகவே கேட்கிறது. ஒரு நீண்ட சிக்னல் முழுக்கக் கேட்டால் பிடுங்கி எறியத் தோன்றுகிறது. அடுத்து, ஒரு சாதாரண 12 வோல்ட் ரிலேயை (கம்பிச்சுருள் காந்தமாகி இழுக்கும் சுவிட்ச்) டேஷ்போர்டின் தகட்டிலேயே திருகிவிடப் போகிறேன். தகடு அதிர்ந்தால் சத்தம் உரக்க வரும். அந்தச் சுருளின் (காயில்) ஒரு முனை பச்சை விளக்கின் வயருக்கு, மறுமுனை எர்த்துக்கு, குறுக்கே ஒரு டயோடு. காண்டாக்ட் பின்களில் எதையும் மாட்டப்போவதில்லை. அந்த ரிலேயின் ஒரே வேலை ‘டிக் டிக்’ என்று அடிப்பது.