ரைட் டு தெம்: எம்பிக்கும் கவுன்சிலருக்கும் எழுத ஓர் இலவசச் சேவை

இது பிரித்தானியாவில் இருப்பவர்களுக்கு மட்டும் உதவக்கூடிய விமர்சனம். ரைட் டு தெம் தளத்தில் உங்கள் போஸ்ட்கோடைக் கொடுத்தால் உங்கள் பிரதிநிதிகள் யார் யார் என்று காட்டும், அங்கேயே கடிதம் எழுதி அனுப்பவும் விடும். காசு இல்லை. மைசொசைட்டி என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் இதை நடத்துகிறது.

நான் இதைத் தேடிப் போனது ஸ்டிக்கர்களால். எங்கள் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் தமிழ் படிக்கிற மண்டபத்துக்கு வெளியே விளக்குக் கம்பம், பஸ் தரிப்பிடம், குப்பைத் தொட்டி என்று எதையும் விடாமல் "திரும்பிப் போ" வகை ஸ்டிக்கர்கள். கீழே ஒரு வெள்ளை இனவாதக் குழுவின் சின்னம். பிறகு அதே சின்னத்தோடு துண்டுப் பிரசுரங்கள் வீடுகளுக்குள் விழத் தொடங்கின. 2024க்கு முன்னர் என்றால் பொடியங்களின் சேட்டை என்று விட்டிருப்பேன். அந்த வருடம் வடமேற்கு இங்கிலாந்தில் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் படகில் வந்த அகதி என்று ஒரு பொய் பரவியது. சில நாட்களுக்குள் பள்ளிவாசலையும் அகதிகள் இருந்த ஹோட்டல்களையும் தாக்கினார்கள். ஓகஸ்ட் 7ஆம் திகதி லண்டனில் வால்தம்ஸ்டோவில் ஆயிரக்கணக்கான சனம் எதிர்த்து வீதியில் நின்றதைப் பார்த்த பிறகுதான் எங்கள் பக்கக் கடைக்காரர்களுக்கு மூச்சு வந்தது.

சரி, சேவைக்கு வருவோம். போஸ்ட்கோடைப் போட்டதும் வார்டு கவுன்சிலர்கள், லண்டன் அசெம்பிளி உறுப்பினர்கள், எம்பி எல்லோரும் வருகிறார்கள். பிரபுக்கள் சபையில் ஒருவருக்கும் எழுதலாம், அது எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. வார்டுக் கவுன்சிலர்கள் எல்லோருக்கும் ஒரே தடவையில் அனுப்பவும் வழி இருக்கிறது. அதைத்தான் எடுக்க வேண்டும், ஒருவர் லீவில் நின்றாலும் மற்றவர் பார்ப்பார். எழுதி முடிந்ததும் ஈமெயிலுக்கு ஓர் இணைப்பு வரும். அதை அழுத்தினால்தான் கடிதம் போகும்.

எனக்கு மிகவும் பிடித்தது பலருக்கு எரிச்சல் தருகிற ஒன்று: ஒரே கடிதத்தைப் பலர் வெட்டி ஒட்டி அனுப்பினால் இது தடுத்துவிடும். எங்கள் பெற்றோர் வாட்ஸப் குழுவில் யாரோ நல்ல ஆங்கிலத்தில் ஒரு கடிதம் போட்டிருந்தார்கள். குழுவை நடத்துகிற அக்கா கோபத்தோடு கேட்டார்: "தம்பி, எல்லாரும் ஒண்டையே கேட்டால்தானே பலம்?"

"அக்கா, ஒரே கடிதம் ஐம்பது வந்தால் ஒண்டாத்தான் எண்ணுவினம். நீங்கள் கண்டதை நீங்களே எழுதுங்கோ" என்றேன்.

அந்தப் பஸ் தரிப்பில் நிற்கப் பயந்து மகள் அடுத்த தரிப்பு வரை நடக்கிறாள் என்று மட்டும் அவர் எழுதினார். மொத்தமே ஐந்தாறு வரி, இலக்கணமும் அங்கங்கே இடறும். எங்கள் குழுவில் முதலில் பதில் வந்தது அவருக்குத்தான். கவுன்சிலர் ஒருவர் தொலைபேசியிலேயே கூப்பிட்டார். ஒவ்வொரு ஸ்டிக்கருக்கும் இடம், திகதி குறித்து வைக்கச் சொன்னார், வெறுப்புக் குற்றங்களை முறையிடுகிற ட்ரூ விஷன் தளம் வழியாகப் பொலிஸிலும் பதியச் சொன்னார். ஸ்டிக்கர்களைக் கவுன்சில் ஆட்கள் வந்து எடுத்தார்கள். திரும்ப ஒட்டினார்கள், திரும்ப எடுத்தார்கள். இப்போது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. (நீங்களே வெறுங்கையால் உரிக்கப் போக வேண்டாம். பின்னால் பிளேட் வைத்து ஒட்டிய சம்பவங்கள் இந்த நாட்டில் நடந்திருக்கின்றன.)

எம்பிக்கு எழுதியது வேறு கதை. அந்தக் குழுவைத் தடைசெய்யக் கேட்டிருந்தேன். அலுவலகத்திலிருந்து ஒரு பொதுவான பதில் வந்தது, பிறகு உள்துறை அமைச்சின் கடிதத்தை அனுப்பி வைத்தார்கள். எந்த அமைப்பைத் தடைசெய்யப் பரிசீலிக்கிறோம் என்பது பற்றி அரசு கருத்துச் சொல்வதில்லை என்று அதில் இருந்தது. 2000ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தில் ஒரு குழுவைத் தடைசெய்ய அது பயங்கரவாதத்தில் ஈடுபட வேண்டும், அல்லது அதை ஊக்குவிக்க வேண்டும். வெறுப்பைப் பரப்பினால் மட்டும் போதாது. தடைசெய்த அமைப்புகளின் இந்தப் பட்டியலை எங்கள் சனத்துக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை, புலிகளை 2001இலேயே அதில் போட்டுவிட்டார்கள். தீவிர வலதுசாரிக் குழு ஒன்று முதன்முதலாக அதற்குள் வர 2016 டிசம்பர் ஆனது. ஜோ கொக்ஸ் என்ற எம்பியின் கொலையைக் கொண்டாடிய நேஷனல் அக்ஷன்தான் அது.

ஆகவே எம்பிக்கு எழுதுபவர்கள் உடனே ஏதும் நடக்கும் என்று காத்திருக்க வேண்டாம். 1936இல் பிரித்தானியப் பாசிசத் தலைவர் மோஸ்லியின் கறுப்புச் சட்டைக்காரர்கள் கிழக்கு லண்டனுக்குள் ஊர்வலம் வர இருந்தபோது, அதைத் தடுக்கச் சொல்லி ஏறத்தாழ ஒரு லட்சம் கையெழுத்தோடு உள்துறை அமைச்சருக்கு மனு போனது. அவர் தடுக்கவில்லை. கேபிள் ஸ்ட்ரீட்டில் சனமே மறித்தது. அரசியல் சீருடைகளைத் தடைசெய்கிற சட்டம் அந்த வருட முடிவில்தான் நிறைவேறியது. ஆனாலும் எழுதுங்கள், ஒரு எம்பி அமைச்சரிடம் கேட்டால் அமைச்சு எழுத்தில் பதில் தர வேண்டியிருக்கிறது. எனக்கு வந்த அந்தச் சப்பைக் கடிதம்கூட கோப்பில் இருக்கிறது.

குறைகள் இருக்கின்றன. படம் இணைக்க முடியாது. ஸ்டிக்கரின் படத்தோடு முறையிட இதே நிறுவனத்தின் ஃபிக்ஸ் மை ஸ்ட்ரீட் தளத்துக்குப் போக வேண்டும், இரண்டையும் சேர்த்துப் பாவித்தால்தான் முழுப் பயன். உங்கள் பெயரும் விலாசமும் பிரதிநிதிக்குப் போகும், தொகுதிக்காரர்தான் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். அது நியாயம்தான், ஆனால் பயந்துபோய் எழுதுகிற ஒருவருக்குத் தயக்கமாக இருக்கும். இரண்டு வாரம் கழித்து "பதில் வந்ததா?" என்று கேட்டு ஈமெயில் வரும். இல்லை என்று சொன்னாலும் இவர்கள் போய் எம்பியை உலுக்கப் போவதில்லை, நாங்கள்தான் திரும்ப எழுத வேண்டும்.

என் மதிப்பு ஐந்துக்கு நான்கு. ஒன்றைக் குறைத்தது தளம் தமிழில் இல்லாததற்காக. எழுதச் சிரமப்படுகிற அம்மா அப்பாமாருக்கு இதைவிட சேர்ஜரி நல்லது, அதாவது கவுன்சிலரோ எம்பியோ நேரில் சந்திக்கிற நேரம். ஜோ கொக்ஸ் கொல்லப்பட்டது அப்படியொரு சந்திப்புக்கு வந்த இடத்தில்தான், அதனால் இப்போது பல எம்பிமாரிடம் முன்பதிவு வேண்டும். பிள்ளை ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், துண்டுப் பிரசுரத்தையும் கையோடு கொண்டு போங்கள். ஆனால் வாசலில் நின்று மிரட்டுகிறார்கள் என்றால் கடிதமும் வேண்டாம், சேர்ஜரியும் வேண்டாம், 999 அடியுங்கள்.