தவறினால் நிற்பதா, கேட்டுப் பார்ப்பதா? ஷெல் ஸ்கிரிப்டில் மூன்று வழிகள்

கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் சேர்வர் என்று வைத்துக்கொள்வோம். இரவு கடை பூட்டிய பிறகு, குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடக்கும் க்ரோன் ஒரு பாஷ் ஸ்கிரிப்டை ஓட்டுகிறது; அதாவது பாஷ் என்ற ஷெல் வரி வரியாகச் செய்யும் கொமாண்டுகளின் பட்டியல். மைஎஸ்கியூஎல்டம்ப் தரவுத்தளத்தைப் பிரதி எடுத்து, அதைச் சுருக்கும் ஜிஸிப்புக்கு | என்ற குழாய் வழியே தள்ளும், ஆர்சிங்க் அந்த ஃபைலை வெள்ளவத்தைக் கிளைக்கு அனுப்பும், கடைசி வரி ஏழு நாளுக்கு முந்திய பிரதிகளை அழிக்கும். திரையைப் பார்க்க ஆளில்லை.

பிழையைப் பற்றி ஒன்றுமே எழுதாமல் விட்டால், தவறிய வரியைத் தாண்டி ஷெல் தன் பாட்டுக்குப் போகும். பாஸ்வேர்ட் மாறியதால் டம்ப் தோற்றது என்றால், ஜிஸிப் வெறுமையைச் சுருக்கி 20 பைட் ஃபைல் ஒன்றை எழுதிவிட்டு வெற்றி என்று 0 திருப்பும். கிளைக்குப் போவது அந்த 20 பைட்தான். ஒரு கிழமை கழிந்தால் நல்ல பிரதி ஒன்றும் மிஞ்சாது.

முதல் வழி, தலையில் செட் -ஈ போடுவது. எந்தக் கொமாண்ட், தோல்வி என்று 0 அல்லாத எண்ணைத் திருப்பினாலும் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். ஒரே வரியில் வேலை முடிகிறது, அதனால்தான் எல்லோருக்கும் இதில் ஆசை. ஆனால் மேலே சொன்ன 20 பைட் கதையை இது தடுக்காது. குழாயில் கடைசிக் கொமாண்டின் முடிவைத்தான் ஷெல் பார்க்கும். செட் -ஓ பைப்ஃபெயில் என்று இன்னொன்றையும் சேர்த்தால்தான் டம்ப் தோற்றது தெரியவரும்.

அதோடு முடியவில்லை. ஒரு ஃபங்ஷனை, அதாவது பெயர் வைத்த கொமாண்ட் தொகுதியை, இஃப் நிபந்தனையிலோ, 'தோற்றால் அடுத்ததைச் செய்' என்னும் || குறிக்கு இடப்பக்கமோ கூப்பிட்டால், அந்த ஃபங்ஷனுக்குள் செட் -ஈ முழுக்கத் தூங்கிவிடும். ஒரு கொமாண்டின் விடையை மாறியில் வைக்க லோக்கல் பெயர்=$(...) என்று ஒரே வரியில் எழுதினால் உள்ளே நடந்த தோல்வியை லோக்கல் என்ற சொல்லின் வெற்றி மூடிவிடும். மறுபக்கம், பூச்சியத்திலிருந்து ((எண்++)) என்று கூட்டினால் தோல்விக்குறியான 1 திரும்பி, ஒரு பிழையும் இல்லாத ஸ்கிரிப்ட் செத்துவிழும். நிற்கவேண்டிய இடத்தில் ஓடி, ஓடவேண்டிய இடத்தில் நிற்கும் காவலாளி இது.

இரண்டாவது வழி, முக்கியமான வரி ஒவ்வொன்றுக்கும் பின்னால் || போட்டு நாமே பார்ப்பது. பிழைச் செய்தியை >&2 என்ற பிழைகளுக்கான தனி வெளியீடு வழியாக எழுதிவிட்டு எக்ஸிட் 1 கொடுக்கும் 'நிறுத்து' என்ற சின்ன ஃபங்ஷன் ஒன்று இருந்தால் போதும். ஓர் அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) போக 'சிடி அடைவு || நிறுத்து' என்று எழுதிய ஸ்கிரிப்ட், அடைவு இல்லாதபோது வேறு எங்கோ நின்றுகொண்டு ஃபைல்களை அழிக்காது.

இதன் உண்மையான பலம் வேறு. எந்த எண் திரும்பியது என்று பார்த்து முடிவெடுக்கலாம். ஃபைலில் சொல் தேடும் கிரெப் 1 என்றால் தேடியது கிடைக்கவில்லை, 2 என்றால்தான் பிழை. ஆர்சிங்க் 24 என்றால் அனுப்பும்போதே மூலத்தில் சில ஃபைல்கள் மறைந்துவிட்டன. தற்காலிக ஃபைல்கள் வந்துபோகும் அடைவில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். செட் -ஈக்கு இவை எல்லாம் ஒன்றுதான். சலிப்பான வேலை என்பதை மறுக்கவில்லை. ஒரு வரியை விட்டுவிட்டால் அந்த வரிக்குக் காவல் இல்லை.

சரி, மூன்றாவது வழியான ட்ராப்? இது மற்ற இரண்டுக்கும் போட்டியே அல்ல. ட்ராப் எக்ஸிட் என்று போட்டால், ஸ்கிரிப்ட் அநேகமாக எப்படி முடிந்தாலும் துப்புரவு வேலை நடக்கும். கொழும்பில் இதன் அருமை தெரியும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணிநேர மின்வெட்டு அறிவித்த ஊர் இது. யூபிஎஸ் களைத்து, சேர்வர் தன்னை ஒழுங்காக மூடும்போது, ஓடும் ஸ்கிரிப்டுக்கு முதலில் 'முடித்துக்கொள்' என்ற சிக்டேர்ம் சைகை வரும். பாதி எழுதிய ஃபைலை ட்ராப் அழித்துவிடும். கேட்காமலே கொல்லும் சிக்கில் சைகை வந்தால், அல்லது சட்டென்று கரண்டே போனால், ட்ராப்பால் ஒன்றும் ஆகாது. அதற்கு மருந்து, தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதும் முடிந்த பிறகு எம்வி கொமாண்ட் கொண்டு சரியான பெயருக்கு மாற்றுவது. இரண்டும் ஒரே ஃபைல்சிஸ்டத்தில், அதாவது ஒரே டிஸ்க் பகுதியில், இருந்தால் பெயர் மாற்றம் ஒரே அடியில் நடக்கும்.

ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் || பக்கம். பத்து வரிக்குள் அடங்கும், கையால் ஓட்டும் ஸ்கிரிப்டுக்கு செட் -ஈ தாராளம். இரவில் தனியாக ஓடுபவற்றில் செட் -ஈ, பைப்ஃபெயில் இரண்டையும் போட்டுவிட்டு, அவை இல்லை என்று நினைத்துக்கொண்டு டம்ப், அனுப்பல், அழித்தல் மூன்றுக்கும் || எழுதுங்கள். அழிக்கும் வரி கட்டாயம் கடைசியில்.

பிறகு ஒரு சின்ன விஷயம். உபுண்டு லினக்ஸில் எஸ்எச் என்ற பெயரில் ஓடும் ஷெல் 2006 முதல் பாஷ் அல்ல, டாஷ் என்ற சின்ன ஷெல். பைப்ஃபெயில், ஷெல்களுக்குப் பொதுவான போசிக்ஸ் தரத்துக்குள் வந்ததே 2024 பதிப்பில்தான். பழைய டாஷ் அந்த வரியிலேயே முரண்டுபிடிக்கும். முதல் வரியில் பாஷ் என்று எழுதியிருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துவிடுங்கள்.