குற்றத்தீர்ப்பை எதிர்ப்பதா, தண்டனையைக் குறைக்கக் கேட்பதா? கஞ்சா வழக்கு மேல்முறையீட்டில் இரு வழிகள்

கஞ்சா வழக்கில் 7 ஆண்டு கடுங்காவல் பெற்ற என் தம்பியின் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தில் இறுதி வாதத்துக்கு வந்தபோது, குற்றவாளி என்ற தீர்ப்பையே எதிர்த்து வாதாடுவதா, அதை விட்டுக்கொடுத்துத் தண்டனைக் காலத்தை மட்டும் குறைக்கக் கேட்பதா என்று வழக்கறிஞர் எங்களிடம் கேட்டார். நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். இன்றும் அதுவே சரி என்று கருதுகிறேன். மனுவில் இரண்டையும் சேர்த்தே கேட்கலாம் என்பதால், தாக்கல் செய்வதற்கான 60 நாள் கெடுவுக்குள் இந்த முடிவை எடுக்க வேண்டியதில்லை.

முதல் வழியில் வென்றால் முழு விடுதலை. அதில் விளக்க ஒன்றுமில்லை. ஆனால் பலரும் பெரிதாக நம்பும் போதைப்பொருள் சட்டத்தின் 50-ஆவது பிரிவு, அதாவது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் அல்லது நடுவர் முன்னிலையில் சோதனையிடக் கோரும் உரிமை, உடல் சோதனைக்கு மட்டுமே பொருந்தும். தம்பியிடம் கஞ்சா இருந்தது தோள்பையில். அந்த வாதம் அங்கேயே விழுந்துவிட்டது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது 32-ஏ பிரிவுதான். பிற வழக்குகளின் கைதிகளுக்கு நன்னடத்தைக்காகக் கிடைக்கும் தண்டனைக் கழிவு, போதைப்பொருள் சட்டத்தில் தண்டனை பெற்றவர்களுக்குப் பெரும்பாலும் கிடையாது. விசாரணைக் கைதியாக இருந்த நாள்கள் கழியும்; மற்றபடி 7 ஆண்டு என்றால் 7 ஆண்டேதான். தண்டனையை நிறுத்திவைக்கக் கோரிய மனுவும் தள்ளுபடியாகி, உள்ளே 4 ஆண்டுகளைக் கழித்துவிட்ட ஒருவருக்கு, அந்த எண்ணை மாற்றக்கூடிய இடம் நீதிபதியின் முன் மட்டுமே இருந்தது. முதல் குற்றம், வயது, அம்மாவின் நோய் ஆகியவற்றைக் கேட்ட நீதிமன்றம் 7 ஆண்டை 5 ஆக்கியது. குற்றத்தீர்ப்பை எதிர்த்துச் சாட்சியங்களை வரிவரியாக அலசியிருந்தால், அந்த வாதம் முடிவதற்குள் தண்டனையே முடிந்திருக்கும் என்று அஞ்சினேன்.

இதற்கு ஒரு விலை உண்டு. குற்றவாளி என்ற பதிவு அப்படியே நிற்கிறது; மறுபடி இத்தகைய வழக்கில் சிக்கினால் 31-ஆவது பிரிவின்படி அதிகபட்சத் தண்டனை ஒன்றரை மடங்காகும். தம்பியிடம் இதைச் சொல்லி, அவன் சம்மதித்த பிறகே வழக்கறிஞருக்குப் பதில் சொன்னோம்.

நான் சொல்வது 1 கிலோவுக்கு மேல், 20 கிலோவுக்குள் உள்ள இடைப்பட்ட அளவுக்கே பொருந்தும். அதற்குக் குறைந்தபட்சத் தண்டனை இல்லை. 20 கிலோவுக்கு மேற்பட்ட வணிக அளவு வழக்கை நாங்கள் நடத்தியதில்லை. அங்கே 10 ஆண்டு கட்டாயம் என்பதால், 10 ஆண்டே விதிக்கப்பட்டவர் குறைக்கக் கேட்டுப் பயனில்லை. குற்றத்தீர்ப்பைத்தான் எதிர்த்தாக வேண்டும். அப்போதும் அபராதம் கட்டத் தவறினால் அனுபவிக்க வேண்டிய கூடுதல் சிறையைக் குறைக்கும்படி கேட்க மறக்க வேண்டாம்: 2012-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் 3 ஆண்டாக இருந்த அந்தக் காலத்தை 6 மாதமாகக் குறைத்திருக்கிறது.